மாடு இல்லாத வீட்டுக்கு மாட்டு நாய்: ஹீலரா, கோம்பையா, தெருக்குட்டியா?

அக்கா மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். நீலச் சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கன்னத்திலும் காலிலும் செம்மண் பூசியது போல ஒரு நிறம். அப்படி ஒரு நாய் முப்பது நாற்பது மாடுகளை வேலிக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. கீழே ஒரு வரி: “மாமா, இது நம்ம வீட்டுக்கு செட் ஆகுமா?”

நம்ம வீடு என்று அவன் சொல்வது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தரைத்தள போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. மொட்டை மாடி பொது. மூன்று குடித்தனத்துத் துணியும் அங்கேதான் காயும். அவனுக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை, வாரம் மாறினால் தூக்கமும் மாறும். மனைவி காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பது மூட்டுவலியோடு என் அக்கா. நாய் வேண்டும் என்று முதலில் அடம்பிடித்தது ஆறு வயது மகள். அவனுக்கு வேறு காரணம்: சந்தில் நிறுத்தும் பைக்கில் ராத்திரி ராத்திரி பெட்ரோல் குறைகிறது.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், வீடியோவில் வந்த இந்த ஆஸ்திரேலிய மாட்டு நாயோடு, ஹீலர் என்றும் சொல்வார்கள், நான் கொஞ்ச நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பிரிஸ்பேனில் பத்து வருஷம் இருந்துவிட்டு மாதவரத்துக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் தன் நாலு வயதுப் பெட்டை ஹீலரையும் கூட்டி வந்தார். அவர் வெளியூர் போன இரண்டு தடவை, சேர்த்துப் பார்த்தால் பத்து வாரம், அது என் பொறுப்பில் இருந்தது. டஸ்ட்டி என்று பெயர். அந்தப் பத்து வாரத்தில் நான் மூன்று கிலோ இளைத்தேன். அது இளைக்கவில்லை.

முதலில் அந்த நாய் எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வேலியே இல்லாத பெரிய பண்ணைகள் இருந்தன. மாடுகள் அரைக்காட்டு மாடுகள். சந்தைக்கு ஓட்டிப்போக வாரக்கணக்கில் நடக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மேய்ச்சல் நாய்கள் அந்த வெயிலுக்கும் தூரத்துக்கும் தாங்கவில்லை. குரைத்துக் குரைத்து மாட்டையும் மிரட்டி ஓடவிட்டன. தாமஸ் ஹால் என்ற பண்ணைக்காரர் 1840-களில் தன் மேய்ச்சல் நாய்களை அந்த நாட்டுக் காட்டு நாயான டிங்கோவோடு கலந்து ஒரு வகையை உருவாக்கினார். சத்தம் போடாமல் பின்னால் வந்து, மாட்டின் குதிகாலில் ஒரு கடி. மாடு உதைப்பதற்குள் தரையோடு படுத்துவிடும். ஆங்கிலத்தில் குதிகாலுக்கு ‘ஹீல்’. ஹீலர் என்ற பெயர் அதிலிருந்துதான். பிற்பாடு ராபர்ட் கலெஸ்கி என்பவர் 1903-ல் இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்.

ஆள் பெரிய உருவம் இல்லை. தோள் உயரம் 17 முதல் 20 அங்குலம், எடை 15 முதல் 22 கிலோ. நம் தெரு நாய் அளவுதான். இந்த அளவைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்று கணக்குப் போடுகிறார்கள். இடத்துக்கு நாயின் நீளம் அகலம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது அதற்கு ஓட்டமும் வேலையும் வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்வருவதை அது கணக்கிலேயே சேர்க்காது.

டஸ்ட்டியை முதல் வாரம் நான் அப்படித்தான் கூட்டிப் போனேன், காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். ஐந்தாம் நாள் அது எங்களையே மாடாக்கிக்கொண்டது. ஹாலில் நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் அதற்குப் பொறுக்காது. எழுந்து போகிறவர் காலுக்குப் பின்னால் வந்து மூக்கால் முட்டும். நிற்காவிட்டால் குதிகாலில் பல் படும். ரத்தம் வராது, கோபமும் இருக்காது, அதன் முகத்தைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை முகம் மாதிரி இருக்கும். குளியலறைக்குப் போனால் வாசலில் படுத்துக்கொள்ளும். இந்த நாய்க்கு ஒரு ஆள்தான் எஜமான், அந்த ஆளின் நிழல் விட்டுப் போகாது என்பார்கள்; அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் பையன்கள் கிரிக்கெட். நான் செயினைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன். பேட்ஸ்மேன் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினான் பாருங்கள், அதற்கு மேல் என் கையில் செயின் இல்லை. பையனின் டிராக் பேண்ட் கிழிந்தது, தோலில் கீறல்தான். நாய்க்கு ஊசி எல்லாம் சரியாகப் போட்டிருந்தது. இருந்தாலும் அவன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன், ஒவ்வொரு ஊசிக்கும் நான்தான் போனேன். கீறல் என்றாலும் ரேபிஸ் விஷயத்தில் சமாதானம் பேசக் கூடாது. அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏன் சார், ஓடுறவங்களத்தான் கடிக்கும்னா எங்க சந்துல யாரு சார் நடக்கறாங்க?”

நியாயமான கேள்வி. வடசென்னைச் சந்து ஓட்டத்தால் ஆனது. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஓடும். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு எல்லாரும் ஓடுவார்கள். பைக், சைக்கிள், லோடு ஆட்டோ, உருள்கிற எல்லாமே ஹீலருக்கு அடக்க வேண்டிய ஜந்து. நான் நிஜமாகப் பயந்தது எண்ணூர் விரைவுச் சாலையில். கண்டெய்னர் லாரியின் சக்கரத்தைப் பார்த்து அது உடம்பைத் தாழ்த்தியது. அந்த ஒரு நொடிக்குப் பிறகு அந்தப் பக்கமே போவதை விட்டேன். நம் தெரு நாயும் வண்டியைத் துரத்தும், ஆனால் தன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். இது சக்கரத்தைக் கவ்வ நினைக்கும்.

சரி, மாடு இருக்கிறவருக்காவது பயன்படுமா? மாதவரம், வியாசர்பாடி, புழல் பக்கம் இன்னும் கொட்டில் வைத்துக் கறவை மாடு வளர்க்கிறவர்கள் உண்டு. நண்பர் வீட்டுக்குப் பின்னால் ஒருவரிடம் எட்டு மாடு. ஒரு நாள் டஸ்ட்டியைக் கொட்டில் வாசல் வரை கூட்டிப்போனேன். அவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்காமலே கத்தினார்: “அத்த மொதல்ல இஸ்துக்கினு போ! மாடு மெரண்டா பால் எறக்காது!” முழுக்க சரி. பயந்த மாட்டின் உடம்பில் பயத்தின் சுரப்பு, பால் இறங்கச் செய்யும் சுரப்பை மறித்துவிடும்; அன்றைய கறவை போச்சு. இன்னொன்று, நம் ஊரில் மாட்டை யாரும் ஓட்டிக்கொண்டே போவதில்லை. காலையில் அவிழ்த்து விட்டால் அது தானாக ஒரு சுற்று சுற்றி, மார்க்கெட் குப்பையில் கோஸ் இலை தின்று, பொழுது சாய்ந்தால் தன் வாசலுக்குத் தானே வந்து நிற்கும். மாடே வேலையை முடித்துவிட்ட ஊரில் மாட்டு நாய்க்கு என்ன வேலை?

இவ்வளவும் சொன்னால் அந்த நாயைத் திட்டுவது போல ஆகிவிடும். புத்தி என்றால் அப்படி ஒரு புத்தி. ஒரு சொல்லை மூன்று தடவையில் பிடித்துக்கொள்ளும். குரைப்பது குறைவு. வேலை கொடுத்தால் அது தங்கம்: பழைய கோணிக்குள் பிஸ்கட்டைச் சுருட்டி ஒளித்து வைத்துத் தேடச் சொல்வேன். செருப்பைப் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்து வரப் பழக்கினேன். ரெட்டேரிக் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நீளக் கயிற்றில் பந்து விளையாட்டு. குதிகாலைக் கவ்வ வரும்போது அடிக்கக் கூடாது, அடித்தால் மாட்டின் உதை என்று நினைத்து இன்னும் உற்சாகமாகும். அசையாமல் நின்று, ‘நில்’ என்று ஒரே சொல், அது படுத்ததும் பந்து. மூன்றாம் வாரத்திலிருந்து வீட்டுக் கால்கள் தப்பித்தன. ஆனால் ஒரு நாள் மழைக்காகச் சோம்பினேன் என்றால் சோபாவின் கை போய்விட்டது. இப்படித் தினம் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பதினைந்து வருஷத்துக்கு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்து ரோசெஸ்டரில் இந்த இன நாய் ஒன்று 1910-ல் பிறந்து 1939-ல் இறந்தது, 29 ஆண்டு 5 மாதம் வாழ்ந்தது என்று கின்னஸில் பதிவு இருக்கிறது. ஷிஃப்ட் வேலைக்காரன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று யோசிக்க வேண்டும்.

வெயில் விஷயத்தில் எல்லாரும் சொல்வது: “ஆஸ்திரேலியாவும் வெயில் நாடுதானே.” அந்த வெயில் வறண்ட வெயில். நாய் மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாகித்தான் உடம்பைக் குளிர்விக்கும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் காற்றே ஈரத் துணி மாதிரி. ஈரம் ஆவியாக இடமில்லை. அக்கினி நட்சத்திரத்தில் டஸ்ட்டி காலை ஏழு மணிக்கு மேல் இரைக்க ஆரம்பித்துவிடும், ஆனால் ஓட்டத்தை நிறுத்தாது. வேலை நாய்க்குத் தன் களைப்பு தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும். அதற்கு இரண்டு அடுக்கு முடி. வெயிலுக்காக மொட்டை அடித்துவிடலாம் என்று ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார், அது தப்பு. வெளி முடி வெயிலைத் தோலில் விடாது. உள்முடி உதிரும் காலத்தில் வாரிவிட்டால் போதும். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள், எந்த நாயானாலும்.

உண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் வெளிநாட்டு இன நாய்களைப் படுக்கப் போடுவதில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. அடர்த்தியான உள்முடியில் உண்ணி ஒளிந்தால் கண்ணுக்குத் தெரியாது. தினமும் விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, பெல்ட்டுக்கு அடியில் தடவிப் பார்க்க வேண்டும். சாப்பாடு வேண்டாம் என்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் என்றால் விடியும் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் பிளேட்லெட் விழுந்துகொண்டிருக்கும். நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம் என்பது பெரிய பாக்கியம். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும் எலியும் நம் பகுதிக்குப் புதிதில்லை. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசிதானா என்று கேட்டுப் போடுங்கள்.

வாங்குவதில்தான் அடுத்த சிக்கல். விற்பனைக்காக நாய்களை இறக்குமதி செய்வதை 2016-ல் மத்திய அரசு தடுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர் தன் வளர்ப்பு நாயைக் கூட்டி வரலாம், நண்பர் வந்தது அந்த வழி. ஆகவே இங்கே “ஒரிஜினல் ப்ளூ ஹீலர் குட்டி” என்று யாராவது விற்றால் தாய் தகப்பனைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இந்த இனக் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும், நீலமும் சிவப்பும் வாரக்கணக்கில்தான் தெரியும். வெள்ளைக் குட்டியைக் காட்டி “கலர் பிறகு வரும்” என்று விற்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? இன்னொன்று, இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி பார்க்காத நேரம் பின்னால் கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காததை அந்தச் சோதனை காட்டாது.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம நாட்டு இனமே வாங்கிடலாம் மாமா, கோம்பை” என்றான். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வந்த ஆசை இது, பலருக்கும் இருக்கிறது. நல்ல ஆசைதான். தேனி மாவட்டத்துக் கோம்பை ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய். செவலை நிறம், கறுத்த மூஞ்சி, குட்டை முடி, பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்தது. நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் ஒத்துப்போகும். ஹீலரைப் போல நாள் முழுக்க வேலை கேட்டு நச்சரிக்காது. பெட்ரோல் திருடனுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

ஆனால் காலடிப்பேட்டைச் சந்துக்கு? கோம்பைக்குத் தன் ஆள், வேற்று ஆள் என்ற கோடு மிக அழுத்தமானது. போர்ஷன் வீட்டில் அந்தக் கோடே கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கதவைத் தட்டாமல் உள்ளே வரும். மாடிக்காரம்மா கொத்தமல்லி கேட்டு நேராகச் சமையல்கட்டுக்கே வருவார். பெட்ரோல் திருடனும் கொத்தமல்லி கேட்க வந்தவரும் அதற்கு ஒன்றுதான். குட்டியிலிருந்தே ஆள் பழக்கினால் குறையும், ஆனால் அந்தப் பழக்கத்தைச் செய்யப்போவது யார், மூட்டுவலிக்காரியா? பயத்தில் பகலெல்லாம் கட்டிப்போடுவார்கள். கட்டிக் கிடந்த நாய் இன்னும் கெடும். செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் காம்பவுண்டு சுவரும் கேட்டும் உள்ள வீடு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கோம்பைதான் சொல்வேன், ஹீலரைச் சொல்ல மாட்டேன். அப்போதும் வீடியோ பார்த்து வாங்காமல் ஊருக்கே போய்த் தாயைப் பார்த்து வாங்கச் சொல்வேன்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயலைக் கண்டால் பறக்கிற ஓட்ட நாய்கள். சந்தில் வைத்திருப்பது பாவம். ராஜபாளையம் 2005-ல் தபால் தலையிலேயே வந்த அழகன், ஆனால் இந்த வீட்டுக்கு மிகவும் பெரியவன், அவன் இனத்திலும் பிறவிச் செவிடு உண்டு. லாப்ரடார் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் சொல்கிறேன்: வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு வாய் ஊட்டி இரண்டு வருஷத்தில் அதை உருட்டிவிடுவார்கள், திருடனுக்கும் அது வாலாட்டும்.

மீதி இருப்பது சந்து முனையில், நிறுத்தி வைத்த டெம்போவுக்கு அடியில். அங்கே கறுப்புப் பெட்டை ஒன்று மூன்று குட்டி போட்டிருக்கிறது.

நான் இதைச் சொன்னதும் அக்கா மகனுக்கு முகம் வாடிவிட்டது. தெரு நாய் என்றால் ஏதோ கிடைக்காதவர்களுக்குக் கிடைப்பது என்ற எண்ணம். நான் அவனிடம் கேட்டது இதுதான்: ஹீலர் விற்பவர் காட்டுவது தாயின் போட்டோ, இந்தக் குட்டிகளின் தாயைச் சந்தே ஐந்து வருஷமாகப் பார்க்கிறது. பிள்ளைகள் வாலை இழுத்தாலும் எழுந்து நகர்ந்துவிடும் ஜாதி. ராத்திரி வேற்று ஆள் வந்தால் மட்டும் ஊரைக் கூட்டும். இதைவிட நல்ல ஜாதகம் எந்தக் கடைக்காரர் கொடுப்பார்? முடி ஒற்றை அடுக்கு, உண்ணி கண்ணில் படும். வெயில் ஏறினால் தானே நிழலுக்குப் போகிற புத்தி. வளர்ந்தால் ஏறக்குறைய ஹீலர் அளவுதான் இருக்கும். காலை அரை மணி, மாலை அரை மணி நடையோடு வீட்டில் கொஞ்சம் விளையாட்டு, அதற்கு மேல் அது கேட்காது.

குறை இல்லாமல் இல்லை. தெருக்குட்டிகளைப் பார்வோ என்ற வைரஸ் நோய் வாரிக்கொண்டு போகும், ரத்தபேதி தொடங்கினால் இரண்டு நாளில் உயிரே போய்விடலாம். அதனால் ஆறு எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் மறு ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு வருஷா வருஷம். குட்டியாக இருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. தெருக்குட்டிக்குச் செலவே இல்லை என்பது பொய். வாங்குகிற காசு மட்டும்தான் மிச்சம். கதவு திறந்திருந்தால் பிறந்த இடத்துக்கு ஓடும். சாவு மேளத்துக்கும் ஊர்வல வெடிக்கும் கட்டிலுக்கடியில் நடுங்கும். நம் பக்கம் அது வாரம் ஒரு தடவை உண்டு. குட்டியிலேயே மேளச் சத்தம் தூரத்தில் கேட்கும்போது ஏதாவது தின்னக் கொடுத்துப் பழக்கினால் பாதி சரியாகும். ஆறு மாதம் தாண்டியதும் டாக்டரைக் கேட்டுக் குடும்பக் கட்டுப்பாடு. மாநகராட்சி உரிமமும் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பும் எந்த நாய்க்கும் ஒன்றுதான், தெருவில் எடுத்தது என்று விலக்குக் கிடையாது.

சாப்பாட்டில் வடசென்னைக்காரனுக்குக் கவலையே இல்லை. புளியந்தோப்பில் மாட்டுக்கறி, காசிமேட்டில் சின்ன மீன். வேகவைத்து, முள் எடுத்து, உப்பு காரம் வெங்காயம் இல்லாமல் சோற்றோடு பிசைந்து போட்டால் போதும். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள், சமையல்கட்டுக்குள் வரக் கூடாது என்று. பேத்திக்கு வால் நுனியில் வெள்ளை உள்ள குட்டிதான் வேண்டுமாம். மகன் நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை நடைக்கு அவன் மனைவி, மற்ற வாரம் அவன் என்று காலண்டரில் குறித்துவிட்டார்கள். குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம். எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும், கூடப்பிறந்ததோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். அதுவரை தினமும் போய்க் கையால் சோறு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பைக்கை மட்டும் இன்றிலிருந்தே வராண்டாவுக்குள் ஏற்றி நிறுத்தச் சொன்னேன். குட்டி வளர்ந்து ஆள் பார்த்துக் குரைக்க எப்படியும் ஏழெட்டு மாதம் ஆகும்.